இங்கிலாந்து ஸ்கூல்ல கறுப்பினப் பிள்ளைங்களுக்கு இனவெறி நடந்தா என்ன செய்யணும், ஸ்கூல எப்படிப் பதில் சொல்ல வைக்கணும்

முதல்லயே சொல்லிடறேன், இது இங்கிலாந்து ஸ்கூல்களுக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல சட்டத்தோட அடிப்படை கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா கம்ப்ளெயின்ட் போற வழி, எக்ஸ்க்ளூஷன் (ஸ்கூல்ல இருந்து நீக்கறது) ரூல் எல்லாம் வேற, அதனால அங்க இருக்கறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க.

தமிழ்ல இதை எதுக்கு எழுதணும்னு கேக்கலாம். நைஜீரியா, கானா, சோமாலியா, காங்கோ, ஜமைக்கான்னு வேர் இருக்கிற குடும்பத்துப் பிள்ளைங்கதான் நம்ம பிள்ளைங்களோட பக்கத்து சீட்ல உக்காந்திருக்காங்க, நம்மள்ல எத்தனையோ பேர் அதே ஸ்கூல்ல டிஏவா (வகுப்பு உதவியாளர்), டின்னர் லேடியா (லஞ்ச் நேரத்துல பிள்ளைங்களைப் பாத்துக்கறவங்க), ரிசப்ஷன்ல இருக்கோம், சிலர் கவர்னரா, அதாவது ஸ்கூலை மேற்பார்வை பண்ற குழுவுல இருக்கோம், சில வீட்டுல பேரப்பிள்ளைங்களுக்கே அப்பா கானாக்காரரோ அம்மா ஜமைக்காக்காரங்களோ. அதனால நடக்கும்போது நாம பக்கத்துலதான் நிக்கிறோம், பாக்கறோம், பல தடவை பாத்துட்டு வாயை மூடிட்டு வீட்டுக்கு வந்துடறோம். நான் கொஞ்ச காலம் ஒரு ஸ்கூல்ல கவர்னரா இருந்தவன், உள்ள எப்படி வேலை நடக்குதுன்னு பாத்ததை வச்சுதான் இதை எழுதறேன்.

ஸ்கூல் முதல்ல பேரை மாத்தும்

இதுதான் முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது. ஒரு பையனைப் பாத்து குரங்கு மாதிரி சத்தம் போட்டாங்கன்னு வைங்க. அம்மா போய் சொல்றாங்க. அடுத்த நாள் பதில் வரும், ரொம்ப இனிமையா, "ஃப்ரெண்ட்ஷிப் இஷ்யூ, ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிட்டோம்". இல்லன்னா "பான்ட்டர், சும்மா கிண்டல்". இல்லன்னா "அவன் அப்படி மீன் பண்ணல, அவங்க குடும்பம் நல்ல குடும்பம்". இப்படிப் பேர் மாறின உடனே எல்லாமே மாறிடும், ரெக்கார்ட்ல வேற தலைப்புல போகும், ரெண்டு பேர் மேலயும் தப்புன்னு ஆகும், வருஷக் கடைசில கவர்னர்களுக்கு வர்ற பேப்பர்ல ரேசிஸ்ட் இன்சிடென்ட்னு இருக்கிற கட்டத்துல பூஜ்யம்னு இருக்கும். ஒரு பெரிய செகண்டரி ஸ்கூல்ல வருஷம் முழுக்க பூஜ்யம்னா அங்க யாரும் எழுதி வைக்கலன்னுதான் அர்த்தம், அந்தப் பூஜ்யத்தைப் பாத்து சந்தோஷப்படற கவர்னர்களையும் பாத்திருக்கேன்.

அதனால உங்க வேலையில பாதி அந்தப் பேரை மாத்த விடாம பிடிச்சு வைக்கறதுதான், அதுவும் வாய்ல இல்ல, எழுத்துல.

இதுக்கு ஒரு பலமான ஆதாரம் இருக்கு. 1993 ஏப்ரல்ல தென்கிழக்கு லண்டன் எல்தம்ல பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீஃபன் லாரன்ஸுங்கற 18 வயசு மாணவனை இனவெறிக் கும்பல் குத்திக் கொன்னாங்க, போலீஸ் அந்தக் கேஸைச் சொதப்பினாங்க, அதை விசாரிச்சு 1999ல வந்ததுதான் மக்ஃபர்சன் ரிப்போர்ட். அதுல ரேசிஸ்ட் இன்சிடென்ட்னா என்னன்னு ஒரு வரையறை இருக்கு, பாதிக்கப்பட்டவரோ வேற யாராவதோ இது இனவெறின்னு உணர்ந்தா அது ரேசிஸ்ட் இன்சிடென்ட். அந்த "வேற யாராவது"ங்கறதைக் கவனிங்க. அது நீங்களா இருக்கலாம், பக்கத்துல நின்ன உங்க பொண்ணா இருக்கலாம், டின்னர் லேடியா இருக்கலாம். இதுக்கு அர்த்தம் குற்றம் நிரூபணம் ஆயிடுச்சுன்னு இல்ல, அந்தக் கோணத்துல பதிவு பண்ணி விசாரிக்கணும், அவ்வளவுதான், ஆனா அந்த அவ்வளவுதானே பெரிய விஷயம். அதே ரிப்போர்ட் ஸ்கூல்கள் இனவெறிச் சம்பவங்களைப் பதிவு பண்ணணும்னும் சொல்லிச்சு. முன்னாடி அதைக் கவுன்சிலுக்கு அனுப்பற வழக்கமும் இருந்தது, இப்ப அனுப்பியே ஆகணுங்கற கட்டாயம் இல்ல, அதனால ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறுது, கேட்டாத்தான் எழுதுவாங்கங்கற நிலைமை பல இடத்துல.

அன்னிக்கு சாயங்காலம்

பிள்ளை வந்து சொன்னா, அது உங்க பிள்ளைக்கே நடந்திருந்தாலும் சரி, உங்க பிள்ளை பாத்ததா இருந்தாலும் சரி, முதல்ல போலீஸ் விசாரணை பண்ணாதீங்க. "நீ என்ன பண்ணே, நீ ஏன் திருப்பிச் சொல்லல" இதெல்லாம் கேட்டீங்கன்னா அடுத்த தடவை வாயே திறக்காது. சாப்பாடு போட்டுட்டு மெதுவா கேளுங்க, என்ன வார்த்தை சொன்னாங்க, எங்க, எந்த நேரம், யார் யார் பக்கத்துல இருந்தாங்க, டீச்சர் யாராவது கேட்டாங்களா, கேட்டுட்டு என்ன செஞ்சாங்க. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கோங்க, எவ்வளவு அசிங்கமா இருந்தாலும். "கெட்ட வார்த்தை சொன்னான்"னு நாகரிகமா எழுதினா நாளைக்கு அதுதான் ஸ்கூலுக்கு வசதி, என்ன கெட்ட வார்த்தைன்னு யாருக்குத் தெரியும்னு போயிடுவாங்க. தேதி போடுங்க. வாட்ஸ்அப்லயோ ஸ்னாப்சாட்லயோ வந்திருந்தா ஸ்க்ரீன்ஷாட் உடனே, ஸ்னாப்சாட்ல கண் மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்.

இதே சாயங்காலம் செய்யக்கூடாதது ஒண்ணு இருக்கு, அந்தப் பிள்ளையோட பேரைப் போட்டு கிளாஸ் பேரன்ட்ஸ் க்ரூப்ல மெசேஜ் போடறது. கோவம் நியாயம்தான், ஆனா அடுத்த நாள் ஸ்கூல் பேசப்போறது உங்க மெசேஜைப் பத்திதான், நடந்ததைப் பத்தி இல்ல.

பாதிக்கப்பட்டது வேற குடும்பத்துப் பிள்ளை, உங்க பிள்ளை சாட்சின்னா, அவங்க அம்மாகிட்ட நேரா போய் "என் பொண்ணு பாத்திருக்கா, நீங்க சரின்னா நானும் எழுதித் தர்றேன்"னு சொல்லுங்க. அவங்களைக் கேக்காம நீங்களே சண்டையைத் தொடங்கிடாதீங்க, ஏன்னா நாளைக்கு அந்த ஸ்கூல் கேட்ல தினமும் நிக்கப்போறது அவங்க. பல அம்மாக்கள் முன்னாடி நாலு தடவை சொல்லிப் பாத்து ஓஞ்சு போயிருப்பாங்க. சத்தமாப் பேசினா "அக்ரெசிவ்"னு எழுதிடுவாங்கன்னு தெரிஞ்சு ரொம்ப அடக்கிப் பேசுவாங்க, ஒரு கறுப்பினத் தாய் அதே குரல்ல பேசினா ஒரு மாதிரியும் வேற ஒருத்தங்க பேசினா ஒரு மாதிரியும் எடுத்துக்கிறதை மீட்டிங் ரூம்ல உக்காந்து பாத்தா நமக்கே புரியும். அந்த மீட்டிங்குக்கு அவங்ககூட போய் பக்கத்துல உக்காந்து நோட்ஸ் எடுக்கறது, அவ்வளவு பெரிய உதவி வேற இல்ல.

ஈமெயில் எப்படி

கேட்ல நின்னு டீச்சர்கிட்ட வாயால சொல்றது தப்பில்ல, ஆனா அது முடிஞ்ச அன்னிக்கே ஒரு ஈமெயில் போகணும். கிளாஸ் டீச்சருக்கு, செகண்டரின்னா ஹெட் ஆஃப் இயருக்கு, காப்பி டெசிக்னேட்டட் சேஃப்கார்டிங் லீடுக்கு (பிள்ளைங்க பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள்), இவங்க எல்லா ஸ்கூல்லயும் இருப்பாங்க, பேர் பெரும்பாலும் வெப்சைட்லயே இருக்கும். இங்கிலீஷ்ல அனுப்புவீங்க, விஷயம் இப்படி இருந்தா போதும்:

"செவ்வாய்க்கிழமை லஞ்ச் க்யூவுல என் மகன்கிட்ட ஒரு மாணவன் இந்த வார்த்தையைச் சொன்னான், வார்த்தை இதோ. பக்கத்துல இந்த மூணு பேர் இருந்தாங்க. டியூட்டியில இருந்தவர் க்யூவை நேரா நிக்கச் சொன்னார், வேற எதுவும் செய்யல. இதை நான் ரேசிஸ்ட் இன்சிடென்ட்டா தெரிவிக்கிறேன். அப்படியே பதிவு பண்ணியிருக்கீங்களான்னு எழுத்துல உறுதி பண்ணுங்க. யார் விசாரிக்கறாங்க, எந்தத் தேதிக்குள்ள எனக்குச் சொல்லுவீங்க, அதுவரைக்கும் என் மகன் லஞ்ச் டைம்ல பாதுகாப்பா இருக்க என்ன ஏற்பாடுன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான். அட்ஜெக்டிவ் வேண்டாம், "ஸ்கூலே இனவெறி"ன்னு முதல் ஈமெயில்லயே போடவேண்டாம், அதை நடவடிக்கையைப் பாத்துட்டுப் போடலாம். அந்தப் பையனுக்கு என்ன தண்டனை குடுத்தீங்கன்னு கேட்டா "அடுத்த பிள்ளை விஷயம், சொல்ல முடியாது"ன்னு வரும், அது ஓரளவு நியாயமும்கூட, அதனால கேள்வியை உங்க பிள்ளை பக்கம் திருப்புங்க, என்ன பதிவாச்சு, என்ன மாத்தினீங்க, யார் தினமும் என் பையனைப் பாத்துக் கேப்பாங்க.

ஸ்கூலுக்குள்ள இதை எழுதி வைக்கிற சாஃப்ட்வேர் பல இடத்துல சீபாம்ஸ். அதுல ஒரே சம்பவத்தை ரெண்டு விதமா எழுதலாம். "லஞ்ச்ல வாக்குவாதம், பேசி முடிச்சாச்சு"ங்கறது ஒரு விதம். சொன்ன வார்த்தை, சொன்னது யார், கேட்டது யார், பெரியவங்க என்ன செஞ்சாங்க, ரெண்டு வீட்டுக்கும் எப்ப போன் பண்ணினாங்கன்னு எழுதறது இன்னொரு விதம். ஆறு மாசம் கழிச்சு மூணாவது தடவை நடக்கும்போது முதல் விதத்துல எழுதினது எதுக்கும் உதவாது, ஏன்னா அதுல இனவெறிங்கற வார்த்தையே இருக்காது, தேடினா வராது. டிஏவா, டின்னர் லேடியா வேலை பாக்கற அக்காமாரே, உங்க கையில லாகின் இருந்தா, இல்ல ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் குடுக்கற வசதி இருந்தா, ரெண்டாவது விதத்துல எழுதுங்க, நாம ஏன் பெரியவங்க விஷயத்துல தலையிடணும்னு நினைக்காதீங்க, சேஃப்கார்டிங்ல உங்க பொறுப்பும் டீச்சரோட பொறுப்பும் வேற வேற இல்ல.

சட்டம் எங்க பிடிக்கும், எங்க பிடிக்காது

சமத்துவச் சட்டம், ஈக்வாலிட்டி ஆக்ட் 2010னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா ஒரு நுணுக்கம் இருக்கு. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் திட்டினதுக்கு அந்த ஆக்ட்ல ஸ்கூல் நேரடிப் பொறுப்பு இல்ல. ஆனா மத்த புல்லியிங்கை எல்லாம் கடுமையா எடுத்துக்கிட்டு இனவெறி புல்லியிங்கை மட்டும் லேசா விட்டா, அது ஸ்கூலே பண்ற பாகுபாடா ஆகலாம், கல்வித்துறையோட வழிகாட்டியிலயே இதைச் சொல்லியிருக்காங்க. அதனால ஒப்பிட்டுக் கேளுங்க: போன மாசம் போனைத் திருடின பையனுக்கு சஸ்பென்ஷன், இதுக்கு வெறும் ஸாரி கார்டா? உங்க பிஹேவியர் பாலிசியில இதுக்கு என்ன போட்டிருக்கு? பாலிசி வெப்சைட்ல இருக்கும், போறதுக்கு முன்னாடி பிரின்ட் எடுத்துட்டுப் போங்க, கோடு போட்டு.

ரெண்டாவது, கவர்ன்மென்ட் பணத்துல நடக்கிற எல்லா ஸ்கூலுக்கும், அகாடமி (கவுன்சிலுக்குக் கீழ இல்லாம ட்ரஸ்ட் நடத்தற ஸ்கூல்) உள்பட, பப்ளிக் செக்டர் ஈக்வாலிட்டி ட்யூட்டின்னு ஒரு கடமை இருக்கு. பாகுபாட்டை ஒழிக்கணும், வாய்ப்பைச் சமமாக்கணும், வேற வேற பின்னணி ஆளுங்களுக்குள்ள நல்லுறவை வளக்கணும். இதை எப்படிச் செய்யறோம்னு வருஷா வருஷம் தகவல் வெளியிடணும், குறைஞ்சது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இலக்கு போட்டு வெளியிடணும். பல ஸ்கூல் வெப்சைட்ல அந்தப் பக்கம் வேற ஏதோ ஸ்கூல்ல இருந்து காப்பி அடிச்ச மாதிரி இருக்கும், தேதி பழசாயிருக்கும். "உங்க ஈக்வாலிட்டி ஆப்ஜெக்டிவ்ஸ் என்ன, கடைசியா எப்ப புதுப்பிச்சீங்க"ன்னு ஒரு வரி கேட்டுப் பாருங்க, மீட்டிங்கோட தொனியே மாறும்.

பண்றது பெரியவங்களா இருந்தா

பசங்க திட்டறதைவிட இதுதான் கஷ்டம், ஏன்னா இது நல்ல வார்த்தையில வரும்.

முடியில இருந்து ஆரம்பிக்கலாம். கார்ன்ரோஸ் (தலையோட ஒட்டிப் போடற வரிசைப் பின்னல்), லாக்ஸ் (திரிதிரியா முறுக்கின முடி), ஆஃப்ரோ (இயல்பா விரிஞ்ச சுருள் முடி) இதெல்லாம் "எக்ஸ்ட்ரீம் ஹேர்ஸ்டைல்"னு யூனிஃபார்ம் பாலிசியில போட்டு பிள்ளையைத் தனியா உக்கார வைக்கிறது, வீட்டுக்கு அனுப்பறது. 2011லயே லண்டன் ஹாரோவுல ஒரு ஸ்கூல் கார்ன்ரோஸ் தடை பண்ணினது மறைமுக இனப் பாகுபாடுன்னு ஹைகோர்ட் சொல்லிடுச்சு. அப்புறமும் நின்னுதா? ஹாக்னியில ஆஃப்ரோ முடிக்காக திரும்பத் திரும்ப வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு பொண்ணுக்கு 2020ல 8,500 பவுண்ட் செட்டில்மென்ட் குடுத்தாங்க. 2021 மார்ச்ல பிம்லிகோ அகாடமி பிள்ளைங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கற மாதிரி முடி இருக்கக்கூடாதுன்னு போட்ட ரூலை எதிர்த்தும் வேற சில விஷயத்துக்காகவும் வெளிநடப்பு பண்ணினாங்க. 2022 அக்டோபர்ல சமத்துவ மனித உரிமை கமிஷன், ஸ்கூல் முடி பாலிசியில இனம் சம்பந்தமா விலக்கு குடுக்காம ஒரேயடியா தடை போட்டா அது சட்டவிரோதமா இருக்க வாய்ப்பு அதிகம்னு தனி வழிகாட்டியே வெளியிட்டாங்க. ஆக முடி விஷயத்துல நீங்க கெஞ்சவே வேண்டியதில்ல, அந்த வழிகாட்டியை அட்டாச் பண்ணி "உங்க பாலிசி இதோட எப்படி ஒத்துப்போகுது"ன்னு கேட்டா போதும். இன்னொண்ணு, சின்ன கிளாஸ்ல டீச்சரே அந்த முடியைத் தொட்டுப் பாத்து "வாவ் சாஃப்டா இருக்கே"ன்னு சொல்றது. பாசம்தான், ஆனா தினமும் பத்து கை தலையில விழுந்தா எந்தப் பிள்ளைக்கும் எரிச்சல் வரும், அது தட்டிவிட்டா அது மேலயே பிஹேவியர் பாயின்ட் விழும்.

அடுத்தது செட், அதாவது மார்க்கை வச்சுப் பிள்ளைங்களைப் பிரிக்கிற வகுப்பு. ஜிசிஎஸ்இ (16 வயசு வாக்குல எழுதற பரீட்சை) மேத்ஸ்ல ஃபவுண்டேஷன் டயர்ங்கற சுலபமான தாளை எழுதினா எவ்வளவு நல்லா எழுதினாலும் கிரேட் 5க்கு மேல கிடையாது, உச்சம் 9. அதனால நல்லாப் படிக்கிற பிள்ளையைக் "கான்ஃபிடென்ஸ் வரட்டும்"னு கீழ் செட்ல வச்சா, அது பரீட்சைக்கு முன்னாடியே பூட்டின கதவு. எந்த டெஸ்ட் மார்க்கை வச்சு இந்த செட்டுன்னு கேளுங்க, மார்க் சொல்லாம "ஆட்டிட்யூட்"னு பதில் வந்தா அதையும் எழுதிக்கோங்க. இது புதுக் கதை இல்ல, 1971ல கிரெனடாவுல இருந்து வந்த பெர்னார்ட் கோர்டுங்கற ஆசிரியர், கரீபியன் பிள்ளைங்களை அறிவுத்திறன் குறைஞ்சவங்கன்னு முத்திரை குத்தி தனி ஸ்கூல்ல தள்ளறதைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் எழுதி நாட்டையே உலுக்கினார். அந்தக் காலத்துலயே கறுப்பினப் பெற்றோர் தாங்களே சனிக்கிழமை ஸ்கூல் நடத்தி பிள்ளைங்களைப் படிக்க வச்சாங்க, இப்பவும் பல ஊர்ல நடக்குது. நம்ம தமிழ் ஸ்கூலும் அதே சனிக்கிழமைதான், சொல்லப்போனா ரெண்டு பேரும் ஒரே ஹாலுக்கு வாடகை குடுக்கறவங்க, ஆனா பேசிக்கிறதில்ல.

அப்புறம் சைல்ட் க்யூ, அடையாளத்தை மறைக்க வச்ச பேர் இது. 2020 டிசம்பர், லண்டன் ஹாக்னி, 15 வயசுக் கறுப்பினப் பொண்ணு, கஞ்சா வாசனை வருதுன்னு டீச்சர்கள் சந்தேகப்பட்டு போலீஸைக் கூப்பிட்டாங்க. ஸ்கூலுக்குள்ளயே ரெண்டு பெண் போலீஸ் அவளோட துணியைக் கழட்டி சோதனை பண்ணினாங்க, அவளுக்கு அப்ப பீரியட்ஸ், கூட துணைக்குப் பெரியவங்க யாரும் இல்ல, வீட்டுக்கும் சொல்லல. எதுவும் கிடைக்கல. 2022 மார்ச்ல வந்த ரிவ்யூ இதுல இனவெறி ஒரு காரணமா இருந்திருக்க வாய்ப்பு அதிகம்னும், கறுப்பினப் பிள்ளைங்களை வயசுக்கு மீறின பெரியவங்களா பாக்கற பழக்கத்தைப் பத்தியும் சொல்லிச்சு. ஸ்கூல்ல வேலை பாக்கறவங்க இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது ரொம்ப நேரடியானது: போலீஸ் வந்தாலும் பிள்ளை உங்க பொறுப்புல இருக்கிற பிள்ளைதான், வெளில நிக்கச் சொன்னா "அவளுக்குத் துணையா பெரியவங்க யாரு, அம்மாவுக்குச் சொல்லியாச்சா"ன்னு கேக்கணும். பெற்றோர், உங்க பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க, யாராவது சோதனை பண்ணணும்னா முதல்ல "எங்க அம்மாவைக் கூப்பிடுங்க, ஒரு பெரியவங்க கூட இருக்கணும்"னு சொல்லுன்னு.

சொன்னது நம்ம பிள்ளையா இருந்தா

இதைத் தாண்டிப் போக முடியாது. நம்ம வீட்டு டைனிங் டேபிள்ல "கறுவல்", "காப்பிலி"னு சர்வ சாதாரணமா பேசறோம், அந்தப் பக்கம் வீடு வாங்காதேங்கறோம், பொண்ணு யாரோட சுத்தறான்னு பாத்து முகம் சுளிக்கறோம், அதெல்லாம் பிள்ளை காதுல விழுந்து, ப்ளேகிரவுண்ட்ல இங்கிலீஷ்ல வெளிய வருது. நாமளும் பழுப்புத்தான், நாமளும் திட்டு வாங்கினவங்கதான், அதனால நம்மகிட்ட இனவெறி இருக்காதுன்னு ஒரு நினைப்பு. ஸ்கூல்ல இருந்து போன் வந்தா முதல் வாக்கியம் "என் பையன் அப்படி சொல்லவே மாட்டான்"னு வரும், அதை முழுங்குங்க. "என்ன சொன்னான்னு எனக்கு அப்படியே சொல்லுங்க"ன்னு கேளுங்க. வீட்டுல அடிச்சுத் திட்டி முடிச்சா அவன் கத்துக்கறது மாட்டிக்காம சொல்றது எப்படின்னுதான். எங்க கேட்டே, யார்கிட்ட கேட்டே, அவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு உக்கார வச்சுப் பேசுங்க. என்-வேர்ட் (கறுப்பினத்தவரை இழிவா சொல்ற வார்த்தை) ராப் பாட்டுல வருதே, என் கறுப்பின ஃப்ரெண்டே சொல்றானே, நான் சொன்னா என்னன்னு கேப்பான், கண்டிப்பா கேப்பான். அவங்களுக்குள்ள அவங்க என்ன சொல்லிக்கறாங்கங்கறது அவங்க விஷயம், உன் வாய்ல அது வரக்கூடாது, அவ்வளவுதான் பதில், அதுக்கு மேல வாதம் வேண்டாம். மன்னிப்புக் கேக்க வைக்கறதுக்கு முன்னாடி பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த மன்னிப்பைக் காதுல வாங்க விருப்பம் இருக்கான்னு அந்த வீட்டுல கேளுங்க, ஸ்கூல்ல ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல உக்கார வச்சு கை குலுக்க வைக்கற அந்த நாடகம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ரெண்டாவது தண்டனை.

பாடம் நடத்தறவங்களுக்குக் கொஞ்சம்

அடிமை வியாபாரம் பாடம் எடுக்கற அன்னிக்கு முப்பது தலையும் திரும்பி ஒரே ஒரு பிள்ளையைப் பாக்கும். அந்த நிமிஷம் டீச்சர் என்ன செய்யறாங்கங்கறதுல இருக்கு எல்லாம். அந்தப் பிள்ளைகிட்ட "நீ என்ன நினைக்கிறே, உங்க ஊர்ல எப்படி"ன்னு கேட்டுடாதீங்க, அதுக்கு லண்டன் கிராய்டனைத் தவிர வேற ஊர் தெரியாது. முதல் நாளே அந்த வீட்டுக்கு ஒரு வரி சொல்லி வைங்க. பாடத்தையும் சங்கிலியில ஆரம்பிச்சு சங்கிலியில முடிக்காதீங்க. எட்டாம் ஹென்றி அரண்மனையில ஜான் பிளாங்க்னு ஒரு கறுப்பின எக்காளக்காரர் சம்பளத்துக்கு வாசிச்சிருக்கார், 1511ல வரைஞ்ச வெஸ்ட்மின்ஸ்டர் சுருள்ல தலைப்பாகையோட குதிரை மேல இருக்கார், பசங்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினா கேள்வி கேட்டுத் தள்ளுவாங்க. 1833ல அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டப்ப நஷ்டஈடா ஒதுக்கின 2 கோடி பவுண்டும் அடிமைகளை வச்சிருந்த முதலாளிகளுக்குத்தான் போச்சுங்கறதையும் சொல்லுங்க. பிளாக் ஹிஸ்டரி மந்த் இங்க 1987ல இருந்து அக்டோபர்ல நடக்குது, நல்லதுதான், ஆனா அக்டோபர்ல போஸ்டர் ஒட்டிட்டு நவம்பர்ல லஞ்ச் க்யூவுல நடக்கறதை விட்டுட்டா பிள்ளைங்களுக்கு அது நல்லாவே தெரியும்.

பதில் வரலன்னா, வந்தும் சரியில்லன்னா

ஒவ்வொரு ஸ்கூலுக்கும் எழுதி வச்ச கம்ப்ளெயின்ட்ஸ் ப்ரொசீஜர் இருந்தே ஆகணும். அகாடமின்னா மூணு படி, முதல்ல இன்ஃபார்மல், அப்புறம் எழுத்துல ஃபார்மல், அப்புறம் பேனல், அந்தப் பேனல்ல ஸ்கூல் நிர்வாகத்தோட சம்பந்தமில்லாத ஒருத்தராவது இருக்கணும். படியைத் தாண்டி நேரா ஆஃப்ஸ்டெட்டுக்கு (ஸ்கூல்களை ஆய்வு பண்ற அரசு அமைப்பு) எழுதினா பொதுவா ஸ்கூல் ப்ரொசீஜரை முடிச்சுட்டு வாங்கன்னு திருப்பிடுவாங்க, தவிர அவங்க தனிப்பட்ட கேஸைத் தீர்த்து வைக்கறவங்களும் இல்ல. படி ஏறும்போதே சப்ஜெக்ட் ஆக்செஸ் ரிக்வெஸ்ட் ஒண்ணு போடுங்க, உங்க பிள்ளையைப் பத்தி ஸ்கூல் வச்சிருக்கிற ஈமெயில், சீபாம்ஸ் பதிவு எல்லாத்தோட காப்பியும் கேக்கறது, பொதுவா காசு கிடையாது, ஒரு மாசத்துக்குள்ள தரணும், லீவு விட்டாச்சுன்னு சாக்கு சொல்ல முடியாது. நீங்க அனுப்பினதை அவங்க உள்ள என்ன பேர்ல எழுதி வச்சாங்கன்னு அப்பத்தான் தெரியும்.

எக்ஸ்க்ளூஷன் வந்தா தேதிதான் எல்லாம். ஸ்கூல் நீக்கங்களைப் பத்தி அரசு கேட்டு 2019ல வந்த டிம்ப்சன் ரிவ்யூ, மத்த காரணங்களை எல்லாம் கணக்குல எடுத்த பிறகும் கறுப்பினக் கரீபியன் பிள்ளைங்க வெள்ளைப் பிரிட்டிஷ் பிள்ளைங்களைவிட 1.7 மடங்கு அதிகமா நிரந்தரமா நீக்கப்பட வாய்ப்பிருக்குன்னு காட்டிச்சு. இதுல பல பேர் மாசக்கணக்கா திட்டு வாங்கிட்டு ஒரு நாள் திருப்பி அடிச்ச பிள்ளைங்க, திட்டினதுக்கு ரெக்கார்ட் இல்ல, அடிச்சதுக்கு மட்டும் இருக்கும், அதனாலதான் மேல ஈமெயில் ஈமெயில்னு கத்தினேன். நிரந்தர எக்ஸ்க்ளூஷன்னா கவர்னர்கள் 15 ஸ்கூல் நாளுக்குள்ள கூடிப் பாக்கணும், அவங்களும் சரின்னுட்டா அந்த முடிவு வந்ததுல இருந்து 15 ஸ்கூல் நாளுக்குள்ள இண்டிபெண்டன்ட் ரிவ்யூ பேனல் கேக்கலாம். பேனலால பிள்ளையைத் திரும்பச் சேருன்னு உத்தரவு போட முடியாது, முடிவை ரத்து பண்ணி மறுபடி யோசிங்கன்னு சொல்ல முடியும். சஸ்பென்ஷன் ஒரு வருஷத்துக்கு மொத்தம் 45 ஸ்கூல் நாளைத் தாண்டக்கூடாது. "இன்னிக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க, கூல் டவுன் ஆகட்டும், எக்ஸ்க்ளூஷன்லாம் இல்ல"ன்னு வாயால சொல்லி வீட்டுக்கு அனுப்பறது சட்டப்படி செல்லாது, நாலு மணி நேரமானாலும் சரி, எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. வேற ஸ்கூலுக்கு நீங்களா மாத்திக்கோங்க, ரெக்கார்ட் சுத்தமா இருக்கும்னு சொன்னா அன்னிக்கே கையெழுத்துப் போடாதீங்க.

கோர்ட்டுக்குப் போறதா இருந்தா ஸ்கூல் இனப் பாகுபாட்டுக்கு கவுண்டி கோர்ட், கேஸ் போட கெடு, சம்பவம் நடந்ததுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு நாள் குறைச்சல். கம்ப்ளெயின்ட் படி ஏறிட்டிருக்கேன்னு இந்தக் கெடு தானா நிக்காது, பலர் மாட்டிக்கறது இங்கதான், ஸ்கூல் பேனல் தேதியைத் தள்ளித் தள்ளி அஞ்சு மாசம் ஓடியிருக்கும். அதுக்கு முன்னாடியே ஈக்வாலிட்டி அட்வைசரி அண்ட் சப்போர்ட் சர்வீஸ் ஹெல்ப்லைனுக்குப் பேசிடுங்க, வருமானம் குறைவுன்னா டிஸ்க்ரிமினேஷன் கேஸுக்கு லீகல் எய்ட் (அரசு செலவுல சட்ட உதவி) கிடைக்க வாய்ப்பிருக்கு, அதையும் கேளுங்க. அடி, மிரட்டல்னு போனா போலீஸ்ல ஹேட் க்ரைமா (வெறுப்புக் குற்றம்) பதியலாம், இங்க பத்து வயசுல இருந்து குற்றப் பொறுப்பு உண்டு, ஆனா பத்துப் பன்னெண்டு வயசுப் பிள்ளை விஷயத்துல நான் அதைக் கடைசியாத்தான் வைப்பேன்.

பிள்ளை பிரைமரியோட கடைசி வகுப்பான இயர் 6 முடிச்சு செகண்டரி போகும்போதோ நடுவுல ஸ்கூல் மாறும்போதோ, பழைய ஸ்கூல்ல இருந்து சேஃப்கார்டிங் ஃபைல் புது ஸ்கூலுக்குப் போகும். அதுல உங்க பிள்ளை சண்டை போட்டது மட்டும் இருக்கா, அது எதுக்குப் போட்டதுங்கறதும் இருக்கான்னு ஜூன் மாசமே கேட்டு வாங்கிப் பாருங்க, தப்பா இருந்தா திருத்தச் சொல்லி எழுதுங்க, திருத்த மாட்டோம்னா உங்க பக்கத்தை ஒரு பக்கம் எழுதி ஃபைலோட சேத்து வைக்கச் சொல்லுங்க. ஜூலை கடைசி வாரத்துல ஆபீஸ்ல யாரும் போன் எடுக்க மாட்டாங்க.